பிஷப்பின் சான்றும் பேராசிரியரின் பணியும்

அவைத் தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே, வணக்கம்.

ஒரு சமயம் தன் பொருளைச் செலவிட்டு ஒரு பல்கலைக்கழகத்தை நடத்தும்போது, அங்கே கற்பிப்பவரின் மனச்சான்றின் மீது அதற்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், புரோவோ நகரில் இயங்கும் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தை முன்வைத்தே இதைப் பேசுகிறேன். மார்மன்கள் என்று உலகம் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைக்கு உரிய அந்த நிறுவனத்தின் வேர் 1875இல் தொடங்குகிறது. சபையின் தலைவரும் அப்போஸ்தலர் எனப்படும் மூத்த தலைவர்கள் சிலரும் அதன் அறங்காவலர் குழுவில் அமர்ந்திருக்கிறார்கள். சபையினர் தம் வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகச் செலுத்தும் தசமபாகம் கல்விச் செலவில் பெரும்பங்கைத் தாங்குவதால், பிற சமய மாணவர்கள் ஏறத்தாழ இருமடங்கு கட்டணம் கட்டுகிறார்கள். இப்படித் தாங்கி நடத்துபவர்களுக்கு எதிர்பார்ப்புகள் இருப்பது இயல்பு. அதை நான் குறைசொல்ல வரவில்லை. அந்த எதிர்பார்ப்பை யார், எந்த வழியில், யாருக்கும் தெரியாமல் நிறைவேற்றிக்கொள்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

1911இல் அங்கே மூன்று ஆசிரியர்கள் பணியிழந்தார்கள். ஜோசப் பீட்டர்சன், அவருடைய சகோதரர் ஹென்றி பீட்டர்சன், உயிரியலாளர் ரால்ஃப் சேம்பர்லின் ஆகிய அம்மூவரும் பரிணாமக் கொள்கையையும் விவிலியத்தை வரலாற்று நோக்கில் ஆராயும் முறையையும் வகுப்பில் விளக்கினார்கள். சபைப் பள்ளிகளின் கண்காணிப்பாளர் ஹோரஸ் கம்மிங்ஸ் அதைப் பற்றி அறிக்கை அளித்தார்; போதனையை மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது விலக வேண்டும் என்ற நிலை வந்தது. மாணவர்கள் ஆசிரியர்களுக்கு ஆதரவாகக் கையெழுத்திட்டும் பயனில்லை. பிற்காலத்தில் ஜோசப் பீட்டர்சன் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானார்; சேம்பர்லின் சிலந்தி, பூரான் முதலிய உயிரினங்களில் ஆயிரக்கணக்கான புதிய இனங்களை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். இன்று அதே பல்கலைக்கழகத்தின் உயிரியல் துறையில் பரிணாமம் பாடமாகவே நடத்தப்படுகிறது. எல்லைக்கோடு நகர்ந்துவிட்டது, ஆனால் அது நகர்வதற்கு முன்பே அதைத் தாண்டியவர்கள் தம் பிழைப்பைக் கொடுக்க வேண்டியிருந்தது.

1992இல் பல்கலைக்கழகம் கல்விச் சுதந்திரம் பற்றிய கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டது. தனிமனிதரின் சுதந்திரம் ஒன்று, நிறுவனத்தின் சுதந்திரம் மற்றொன்று என்று அது பிரித்தது. சபையின் அடிப்படைக் கோட்பாட்டை எதிர்ப்பதும், சபையையோ அதன் தலைவர்களையோ வேண்டுமென்றே தாக்குவதும் கூடாது என்றது. எழுதி வைத்தது நல்லதுதான். அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கத்தின் 1940ஆம் ஆண்டுப் பிரகடனமும், சமய நோக்கத்துக்காகச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் நிறுவனம் பணி நியமனத்தின்போதே அதை எழுத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றே கேட்கிறது. ஆனால் எது அடிப்படை, எது தாக்குதல் என்று தீர்மானிப்பது யார்?

கெயில் ஹூஸ்டன் என்ற ஆங்கிலப் பேராசிரியையின் வழக்கைப் பாருங்கள். விண்ணகத் தந்தையோடு விண்ணகத் தாயும் உண்டு என்பது மார்மன் நம்பிக்கையிலேயே உள்ள கருத்து. அந்தத் தாயைத் தம் வேண்டுதலில் நினைப்பதாக அவர் வெளிப்படையாகச் சொன்னார். அவருடைய துறையும் கல்லூரியும் பணிநிரந்தரத்துக்குப் பரிந்துரைத்திருந்தும், 1996இல் இந்த வேண்டுதலையும் ஒரு காரணமாகக் காட்டி, மேல்நிலைக் குழு அதை மறுத்தது. அவருடைய ஆய்வையும் வகுப்பையும் அறிந்த சகாக்களின் சொல் எடுபடவில்லை. பேராசிரியர் சங்கம் நேரில் விசாரித்து, 1998இல் பல்கலைக்கழகத்தின் மீது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது.

அதே 1996இல் வந்த மற்றொரு மாற்றம்தான் என்னை இன்னும் ஆழமாக வருத்துகிறது. சபையைச் சேர்ந்த ஊழியர்கள், நெறி வழுவாத சபையினர் மட்டுமே நுழையக்கூடிய ஆலயத்துக்குள் செல்லும் தகுதியோடு இருக்கிறார்களா என்று அவரவர் பிஷப்பிடம் ஆண்டுதோறும் கேட்டறியும் நடைமுறை அது. மார்மன் சபையில் பிஷப் என்பவர் ஊதியமில்லாத் தொண்டர். பகலில் பல் மருத்துவராகவோ வணிகராகவோ இருப்பவர். ஒரு விசுவாசி தன் ஐயத்தையும் தவறையும் மனம்விட்டுச் சொல்வதற்காக அவர் முன் அமர்கிறார். அவருடைய ஒரு சொல்லில் தன் வேலை இருக்கிறது என்று தெரிந்தபின் எந்தப் பேராசிரியர் உண்மையைப் பேசுவார்? வகுப்பறைக்கு நேரும் இழப்பை எல்லோரும் பேசுகிறார்கள்; பாவமன்னிப்பு நாடி வருபவரின் நாவு கட்டப்படுவதைச் சபையே எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாணவர்களின் நிலையும் இதுதான். ஒரு கத்தோலிக்கரோ இஸ்லாமியரோ நடத்தை விதிகளை ஏற்று அங்கே படித்துப் பட்டம் பெறலாம். ஆனால் மார்மனாகச் சேர்ந்த மாணவர், படிப்பின் நடுவே நம்பிக்கை மாறிச் சபையிலிருந்து முறைப்படி விலகினால், அங்கே படிக்கத் தேவையான பிஷப்பின் சான்றை இழந்து, அதோடு கல்லூரி இடத்தையும் இழக்கிறார். அவர் அதே விதிகளைக் கடைப்பிடிக்கவும் கூடுதல் கட்டணம் செலுத்தவும் ஆயத்தமாக இருந்தாலும் அது மட்டும் போதாது. அறங்காவலர்கள் நினைத்தால் ஒரே கூட்டத்தில் இதை மாற்றலாம்: விலகியவரையும் பிற சமயத்தவரைப் போலவே நடத்தலாம், பிஷப்பின் அறையில் பேசியதை அந்த அறையோடு நிறுத்தலாம், ஓர் ஆசிரியரின் பணி பற்றிய ஐயம் எழுந்தால், குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, அவருடைய துறைச் சகாக்கள் முன்னிலையில் விசாரிக்கலாம்.

நன்றி, வணக்கம்.