லாரல் தெருவின் இரண்டு பக்கம்

(வட கரோலைனாவில் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா ஒன்றில், பெற்றோரிடமும் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடமும் பேசியதன் எழுத்து வடிவம்.)

எல்லோருக்கும் வணக்கம். சாப்பாட்டுக்கு முன்னால் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அரசியலில் அக்கறையே இல்லை." இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களும் இதைச் சொல்கிறார்கள், நம் வீட்டு விருந்துகளிலும் இந்தப் பேச்சு வருகிறது. எண்களைப் பார்த்தால் மறுக்க முடியாது போலத்தான் தோன்றும். இளைஞர்களின் வாக்களிப்பை ஆராய்வதற்கென்றே டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் இருக்கிறது. அவர்கள் கணக்குப்படி 2020 அதிபர் தேர்தலில் 18 முதல் 29 வயது வரை உள்ளவர்களில் பாதிப் பேர் வாக்களித்தார்கள். 2024இல் அது 47 சதவீதம். அதிபர் தேர்தல் இல்லாத 2022இல் வெறும் 23. நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் தேர்தல் காலத்தில் கல்லூரி வளாகங்களில் வாக்காளர் பதிவு மேசை போட்டு உட்காருகிற தன்னார்வலர்களில் நானும் ஒருவன். அங்கே சில வருடம் உட்கார்ந்து பார்த்த பிறகு 'அக்கறையில்லை' என்ற சொல் என் வாயில் வருவதே இல்லை.

ஒரு முதலாண்டு மாணவியைச் சொல்கிறேன். நாங்கள் கூப்பிடாமலேயே வந்தாள். பேனாவை வாங்கிப் பெயர், பிறந்த தேதி எல்லாம் மளமளவென்று எழுதினாள். 'வசிக்கும் முகவரி' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. விடுதியின் பெயர் அவளுக்குத் தெரியும், அறை எண் தெரியும், தனக்குக் கடிதம் வருகிற தபால் பெட்டி எண்ணும் தெரியும். தேர்தல் அலுவலகத்துக்கு வேண்டியதோ அந்தக் கட்டடத்தின் கதவு எண்ணும் தெருப் பெயரும். தான் தூங்கி எழுகிற கட்டடம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. கைப்பேசியில் தேடினாள். பல்கலைக்கழகத்தின் பொது முகவரிதான் வந்தது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது, அப்புறம் வருகிறேன் என்று படிவத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினாள். மறுபடி வரவில்லை.

அவசரத்தில் தபால் பெட்டி எண்ணையே எழுதிக் கொடுத்திருந்தாலும் வேலைக்கு ஆகாது. எழுதிய முகவரிக்குக் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) தேர்தல் அலுவலகம் ஓர் அட்டை அனுப்பிச் சரிபார்க்கும். சேராத அட்டைகள் திரும்பி வந்தால் பதிவு நிற்காது. படிவத்தைத் தேர்தலுக்கு 25 நாள் முன்பே கொடுத்துவிட வேண்டும். முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்களில் நேரில் போய் அங்கேயே பதிவு செய்துகொள்ளவும் வழி உண்டு. அது இருப்பது பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

சொந்த ஊரிலேயே பதிவு செய்துவிட்டு இங்கே படிக்க வந்த பிள்ளைகள் தபாலில் வாக்குச்சீட்டு வரவழைக்க வேண்டும். நம் மாநிலத்தில் அந்த உறையில் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது ஒரு நோட்டரி. பிறகு தபால் தலை. தபால் தலையே வாங்கிப் பார்க்காத 18 வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைச் சிரித்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. தபால் தலை அவர்கள் வாழ்க்கையில் எங்கே வந்தது?

நமக்கு இது புரிவது கஷ்டம். நாம் வளர்ந்த ஊரில் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க ஆளே வீடு தேடி வருவார். வாக்குப்பதிவு நாளன்று சம்பளத்தோடு விடுமுறை. குளித்துவிட்டு, தெருமுனைப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போய், விரலில் மை வைத்துக்கொண்டு வந்தோம். இங்கே 1845இல் போட்ட சட்டப்படி நவம்பர் முதல் திங்கட்கிழமைக்கு அடுத்த நாளான செவ்வாய்க்கிழமைதான் தேர்தல். விவசாயிகள் குதிரை வண்டி கட்டிக்கொண்டு வந்த காலத்துக்குப் பார்த்து வைத்த நாள். இன்றைக்கு அந்தச் செவ்வாயில் வகுப்பு இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது, மாலையில் காபிக் கடை வேலை இருக்கிறது.

இந்த 18 வயது உரிமையும் தானாக வந்து விழுந்ததில்லை. 1942இல் கட்டாய ராணுவ சேவைக்கான வயதை 18 ஆக்கினார்கள். வாக்களிக்க 21 ஆக வேண்டும். சண்டைக்குப் போகும் வயது வாக்களிக்கப் போதாதா என்று அந்த ஆண்டே கேட்டவர் மேற்கு வர்ஜீனியாவின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜென்னிங்ஸ் ராண்டால்ஃப். அரசியல் சட்டத் திருத்தத்தைப் பதினொரு தடவை கொண்டுவந்தார். வியட்நாமில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தபோதுதான் நாட்டுக்கு அது காதில் விழுந்தது. 1970இல் காங்கிரஸ், அதாவது இந்த நாட்டு நாடாளுமன்றம், 18 வயதில் வாக்களிக்கலாம் என்று சட்டம் போட்டது. கூட்டாட்சித் தேர்தலுக்கு அது செல்லும், மாநிலத் தேர்தலுக்குச் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். ஒரே ஊரில் இரண்டு வாக்காளர் பட்டியல் வைக்க வேண்டிய நிலை வந்ததும் மாநிலங்கள் வேகமாக அசைந்தன. 1971 மார்ச்சில் காங்கிரஸ் மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பிய 26ஆவது திருத்தம், நூறு நாளில், ஜூலை 1 அன்று நிறைவேறிவிட்டது. இவ்வளவு வேகமாக வேறு எந்தத் திருத்தமும் நிறைவேறவில்லை.

சரி, இங்கிருந்து காரில் போய்விடுகிற தூரத்தில் உள்ள கிரீன்ஸ்போரோவுக்கு வருகிறேன். பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

1960 பிப்ரவரி 1. வட கரோலைனா ஏ அண்ட் டி கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் நான்கு பேர், கறுப்பினப் பிள்ளைகள், வூல்வொர்த் கடைக்குப் போனார்கள். சில சாமான்கள் வாங்கினார்கள். காசை வாங்கிப் போட்டுக்கொண்ட அதே கடை, வெள்ளையருக்கு மட்டும் என்று வைத்திருந்த சாப்பாட்டு மேடையில் உட்கார்ந்து காபி கேட்டபோது தரவில்லை. எழுந்து போகாமல் கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். சில வாரங்களில் தென் மாநிலங்கள் முழுக்கப் பரவியது. ஜூலையில் அந்தக் கடை பணிந்தது. அந்த நான்கு பேருக்கும் அன்று இருபது வயதுகூட ஆகவில்லை. வயதுக் கணக்கில் மட்டும் பார்த்தாலே ஒருவருக்கும் வாக்குரிமை கிடையாது.

அதே கல்லூரி இன்று பெரிய பல்கலைக்கழகம். வளாகத்தின் நடுவே லாரல் தெரு போகிறது. 2016இல் நம் மாநிலச் சட்டமன்றம் காங்கிரஸ் தொகுதிகளை வரைந்தபோது எல்லைக் கோட்டை அந்தத் தெரு வழியாக இழுத்தது. ஒரு பக்கம் 6ஆம் தொகுதி, எதிர்ப்பக்கம் 13ஆம் தொகுதி. ஒன்றாக வாக்களித்திருந்தால் ஒரு வேட்பாளரைத் திரும்பிப் பார்க்க வைத்திருக்கக்கூடிய ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இரண்டாக வெட்டப்பட்டார்கள். 2016, 2018 இரண்டு தேர்தலும் அப்படியே நடந்தன. உன் தொகுதி எது என்று ஒரு மாணவரைக் கேட்டால், தெருவின் எந்தப் பக்கம் தூங்குகிறேன் என்று யோசித்துச் சொல்ல வேண்டும். மாணவர்கள் பேசினார்கள், வழக்குகள் நடந்தன. 2019இல் மாநில நீதிமன்றம் அந்த வரைபடத்தை நிறுத்திய பிறகுதான் வளாகம் மறுபடி ஒரே தொகுதியானது.

டெக்சாஸில் பிரெய்ரி வியூ என்று ஓர் ஊர். அங்கேயும் கறுப்பின மாணவர்கள் படிக்கும் பழைய பல்கலைக்கழகம். மாணவர்கள் அந்த ஊர்வாசிகள் இல்லை என்று பதிவு மறுக்கப்பட்டு, உச்ச நீதிமன்றம்வரை போய், படிக்கும் ஊரிலேயே வாக்களிக்கலாம் என்று 1979இல் தீர்ப்பு வந்தது. 2008இல் அங்கே முன்கூட்டி வாக்களிக்க வேண்டுமென்றால் ஏழு மைல் தள்ளிப் போக வேண்டியிருந்தது. ஆயிரம் பிள்ளைகளுக்கு மேல் அந்த ஏழு மைலையும் நடந்தே போனார்கள். அக்கறை இல்லாதவர்கள் இப்படி நடப்பார்களா?

பிள்ளைகளிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதை மறைக்கவில்லை. ஊர்வலத்துக்குத் திரளாக வருகிறீர்கள். அதிபர் தேர்தலுக்கு ஓரளவு வருகிறீர்கள். ஒரே வாக்குச்சீட்டில் பல பதவிகள் இருக்கும்; அதன் கீழ்ப்பகுதியில் உள்ள மற்ற பதவிகளுக்கு வரும்போது விட்டுவிடுகிறீர்கள். தொகுதிக் கோடு செல்லுமா என்று தீர்ப்புச் சொல்கிற நம் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் நாம்தான் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறோம். 2020இல் தலைமை நீதிபதி பதவி 401 வாக்கில் கை மாறியது. 2024இல் இன்னொரு நீதிபதி இடத்துக்கு வித்தியாசம் 734. பதிவானவையோ 55 லட்சத்துக்கும் மேல். அந்த முடிவு ஆறு மாதம் வழக்கில் இழுத்தது. 734 பேர் என்றால் ஒரு பெரிய மாணவர் விடுதி, அவ்வளவுதான்.

பெற்றோரே, இனி உங்களிடம். இந்த ஊர்ப் பிள்ளை சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குப் போகிறது, சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வருகிறது. நம் பிள்ளைகளில் பலருக்கு அது வாய்க்கவில்லை. நம்மில் எத்தனையோ பேர் கிரீன் கார்டுக்கே பதினைந்து வருடமாகக் காத்திருக்கிறோம். இங்கே பிறந்த பிள்ளைதான் வீட்டின் முதல் வாக்காளர். வழிகாட்ட ஆளில்லாமல் தனியாகப் போகிறது. அதற்கு மேல் "நமக்கெதுக்கு வம்பு, படிப்பைப் பாரு" என்றும் சொல்லி அனுப்புகிறோம். பயத்தில் சொல்கிறோம், எனக்குப் புரிகிறது. நானும் என் மகளிடம் ஒரு காலத்தில் சொன்னவன்தான்.

நம் பள்ளியில் படித்த ஒரு பையனைப் பற்றிச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். முதல் தடவை வாக்களிக்க அவனை அப்பா காரில் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு வாக்கில்லை. வெளியே காரிலேயே இருந்தார். இருபது நிமிடத்தில் பையன் ஒரு மாதிரி முகத்தோடு வந்தான். மண், நீர்வளப் பாதுகாப்புக் குழு உறுப்பினர் என்று ஒரு பதவி இருந்ததாம். என்ன வேலை, யார் நிற்கிறார்கள், எதுவும் தெரியாமல் அதைக் காலியாக விட்டுவிட்டானாம். அப்பாவுக்கும் தெரியவில்லை. அன்று இரவு இரண்டு பேருமாக உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். மண் அரிப்பு, விவசாயிகளுக்கான உதவி, ஓடைகளில் சேரும் அழுக்கு என்று அந்தக் குழு பார்க்கிற வேலைகள். அவர்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஓர் ஓடை ஓடுகிறது. அடுத்த தேர்தலுக்கு முன்னால் சீட்டின் மாதிரியை அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்து, கடைசிப் பதவிவரை இரண்டு பேரும் பேனாவால் குறித்து முடித்தார்களாம். போன மாதம் அந்த அப்பா என்னிடம் சொன்னார்.

நம் மாநிலத்தில் 16 வயதிலேயே முன்பதிவு செய்யலாம். குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்கான படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. கல்லூரி விடுதிகளின் கதவு எண்ணையும் தெருப் பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன். வணக்கம்.