ஆர்வலர் என்னும் சொல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒன்றை விரும்புகிறவரைச் சொல்லத் தமிழில் சொற்பஞ்சம் கிடையாது. ரசிகர், சுவைஞர், பிரியர், விரும்பி, ஆர்வலர் என்று எத்தனையோ. ஆனால் ஒன்று இருந்த இடத்தில் இன்னொன்றை வைத்துப் பாருங்கள், நாக்கு இடறும். காபிப் பிரியர் உண்டு, காபி ஆர்வலர் என்று யாரும் சொல்வதில்லை. தனிமை விரும்பி உண்டு, தனிமை ரசிகர் இல்லை. பறவை ஆர்வலரைப் பறவைப் பிரியர் என்று அழைத்தால், பறவையைத் தின்பவரோ என்ற ஐயம் வந்துவிடும். பிரியர் என்றால் அனுபவிப்பவர், அவ்வளவுதான்.

ரசிகர் என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் இருந்த மதிப்பே வேறு. டி.கே. சிதம்பரநாத முதலியாரை 'ரசிகமணி' என்றார்கள். கம்பன் பாட்டைச் சொல் சொல்லாக நுகர்ந்து, பிறரையும் நுகரவைத்தவருக்குக் கிடைத்த பட்டம் அது. இன்று அந்தச் சொல் பெரும்பாலும் நடிகரின் பெயருக்குப் பின்னால்தான் வருகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

என் நெஞ்சுக்கு நெருக்கமானது ஆர்வலர்தான். 'அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் புன்கணீர் பூசல் தரும்' என்பது 71-ஆவது குறள். இங்கே ஆர்வலர் என்றால் அன்புடையவர். தாம் நேசிப்பவர் துன்பப்படக் கண்டதும் அவர் கண்ணீர் உள்ளே கிடந்த அன்பை ஊரறியச் சொல்லிவிடுகிறது. இன்பத்தை அல்ல, துன்பத்தைக் காட்டி இந்தச் சொல்லை வள்ளுவர் விளக்குகிறார், கவனியுங்கள். அதே அதிகாரத்தில், 74-ஆவது குறளில், 'அன்பு ஈனும் ஆர்வம் உடைமை' என்கிறார். தொடர்புடையவர் மேல் வைத்த அன்பு, பிறர் மேலும் விருப்பத்தைப் பிறப்பிக்கும் என்று பரிமேலழகர் உரை விரிகிறது. ஆக, ஆர்வம் என்பது தன் வீட்டு வாசலைத் தாண்டிய அன்பு!

சமூக ஆர்வலர், சூழலியல் ஆர்வலர் என்று இன்று நாம் வழங்குவது இதனால்தான் பொருந்துகிறது. ஏரி வற்றினால் பதறுகிறவர், மரம் வெட்டப்பட்டால் ஓடி வருகிறவர் அவர். யாரும் ஏவாமல் தானே முன்வருபவர் தன்னார்வலர்.

எழுதும் இளைஞர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்தில் பேசினார் என்பதற்காக மட்டும் ஒருவருக்கு இந்தப் பெயரைச் சூட்டாதீர்கள். அவர் எதற்காகப் பதறினார், என்ன செய்தார் என்று கேட்டு எழுதுங்கள். சொல்ல ஒன்றும் இல்லையென்றால், 'பேசியவர்' என்றே எழுதலாம்.