செக்கிழுத்த தோள்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். ‘இந்திய வரலாற்றில் நம் நன்றிக்கு முதலில் உரியவர்கள் ஆண்ட மன்னர்களா, விடுதலைக்குப் போராடியவர்களா?’ என்பது தலைப்பு. போராடியவர்களே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணியில் பேசிய ஐயா அசோகரைச் சொன்னார். சாலையோரம் மரம் நட்டார், கிணறு வெட்டினார், மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்தார் என்றார். அத்தனையும் உண்மை. எனக்கும் அவர் மேல் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அவருடைய 13ஆம் பாறைக் கல்வெட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் ஐயா. கலிங்கப் போரில் கொல்லப்பட்டவர்கள் 1 லட்சம், பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் 1.5 லட்சம் என்று அவரே வெட்டி வைத்திருக்கிறார். மன்னர் மனம் மாறியது பெரிய விஷயம்தான். அந்த மாற்றத்துக்கு உயிரைக் கொடுத்தது கலிங்கத்து வீட்டுப் பிள்ளைகள் அல்லவா?

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன், தான் கொடுத்ததோடு தன் அக்கா கொடுத்ததையும் மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லில் வெட்டச் சொன்னான். பரந்த மனசு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அள்ளிக் கொடுக்க அவனிடம் கருவூலம் இருந்தது.

வங்கத்து மாதங்கினி ஹஸ்ராவிடம் என்ன இருந்தது? எழுபது வயதைக் கடந்த ஏழை விதவை. 1942 செப்டம்பரில் தம்லுக்கில் ஊர்வலத்துக்கு முன்னால் கொடியோடு நடந்தார். குண்டு பாய்ந்த பிறகும் கொடியைக் கீழே விடவில்லை. அவருக்கு முன்னால் படை ஏதும் போகவில்லை நடுவர் அவர்களே, அவர்தான் முன்னால் போனார்.

அப்புறம் நம்ம வ.உ.சி. தூத்துக்குடியில் நல்ல வருமானம் உள்ள வக்கீல். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்குகள் என்று திட்டம். ஊர் ஊராகப் போய்ப் பங்கு சேர்த்துக் கப்பல் வாங்கி, கொழும்புக்கு ஓட்டினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, கடைசியில் இலவசமாகவே ஏறுங்கள், குடையும் தருகிறோம் என்று கூப்பிட்டது. அப்படியும் அடங்காத மனிதரை 1908இல் சிறையில் போட்டார்கள். தீர்ப்பு இரட்டை ஆயுள், 40 ஆண்டு! மேல்முறையீட்டில்தான் குறைந்தது.

கோவைச் சிறையில் அவரைச் செக்கில் பூட்டினார்கள். மாடு இழுக்கிற செக்கு. கொளுத்துகிற வெயில், காலில் விலங்கு, தோளில் நுகம். சட்டப் புத்தகம் புரட்டிய கை கல் செக்கைச் சுற்றிச் சுற்றி இழுத்தது. கிண்டி காந்தி மண்டபத்தில் அந்தச் செக்கு இருக்கிறது. பார்த்தவர்களுக்குத் தெரியும், சும்மா தள்ளிப் பார்க்கவே தெம்பு வேண்டும்.

1912இல் வெளியே வந்தபோது கப்பல் இல்லை, கம்பெனி இல்லை, வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமமான சன்னதும் இல்லை. சென்னையில் கடை வைத்துப் பிழைத்தார். பிறகு சன்னது திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. வெள்ளையர் ஆட்சியிடம் அத்தனை பாடு பட்ட மனிதர்!

நன்றியை அப்படிக் காத்தவருக்கு நம் நன்றியில் முதலிடம் தாருங்கள் என்று நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். வணக்கம்.