பக்தி இருந்தால் மனக்கட்டுப்பாடு வருமா?

பிலிப்பைன்ஸ் கல்லூரி மாணவர்களைப் பற்றி ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "அவ்வளவு பக்தியாக இருக்கிறார்களே, அதனால் மனக்கட்டுப்பாடும் நிம்மதியும் வருமா? இல்லை, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சும்மா இருந்துவிடுவார்களா?"

அங்கே சிம்பாங் கபி என்று ஒரு வழக்கம். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது நாள், விடிவதற்கு முன்பே தேவாலயத்தில் திருப்பலி என்ற வழிபாடு நடக்கும். வயலுக்குப் போகும் உழவர்களுக்காக ஸ்பானியர் காலத்தில் வந்த நேரம் அது. ஒன்பது நாளும் விடாமல் போனால் நினைத்தது நடக்கும் என்று நம்புகிறார்கள். இருபது வயதுப் பிள்ளைக்கு இது லேசான காரியமா? முந்தின இரவே போனை வைத்துவிட்டுப் படுக்க வேண்டும். மூன்றாம் நாள் உடம்பு கெஞ்சும். போகாவிட்டால் யாரும் அடிக்கப் போவதில்லை, தானாகத்தான் எழுந்திருக்க வேண்டும். மனக்கட்டுப்பாடு என்று நாம் சொல்வது இதைத்தானே! திருப்பலி முடிந்ததும் வாசலில் நண்பர்களோடு சுடச்சுட பிபிங்கா சாப்பிடுவார்கள், வாழையிலையில் வைத்துச் சுட்ட அரிசிமாவுப் பண்டம். அந்தத் துணை இருப்பதால்தான் பலரால் ஒன்பது நாளையும் முடிக்க முடிகிறது என்று நினைக்கிறேன்.

மதப்பற்றுக்கும் தன்னடக்கத்துக்கும் தொடர்பு இருப்பதாக மெக்கல்லோ, வில்லொபி என்ற உளவியலாளர்கள் 2009-ல் பல ஆய்வுகளைத் திரட்டி எழுதினார்கள். ஆனால் இயல்பிலேயே கட்டுப்பாடு உள்ள பிள்ளையும் கோயிலுக்கு ஒழுங்காகப் போகும், இல்லையா? அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சும்மா இருப்பார்களா என்ற கேள்வி. 'பஹாலா நா' என்று அங்கே அடிக்கடி சொல்வார்கள். ஆனது ஆகட்டும் என்று பொருள். கடவுளைக் குறிக்கும் பத்தாலா என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். இதைச் சோம்பல் என்றே பலர் சொல்லிவந்தார்கள். அந்த நாட்டு உளவியலாளர் அல்ஃப்ரெடோ லாக்மாய் 1970களில் ஆராய்ந்துபார்த்து, அது முடிவு தெரியாத இடத்தில் துணிந்து இறங்க ஒருவர் தனக்கே சொல்லிக்கொள்ளும் தைரியம் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. படித்துவிட்டுச் சொல்கிற பஹாலா நா வேறு, படிக்காமல் சொல்வது வேறு.

ஒன்றுதான் எனக்குக் கவலை. பரீட்சையில் தவறினால் "கடவுள் என்னைத் தண்டிக்கிறார்" என்று நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படி நினைப்பவர்களிடம் மனச்சோர்வு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்களிடம் இன்னும் வேண்டிக்கொள் என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். கல்விக்கூடங்களும் மனநலத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அங்கே 2018-ல் சட்டமே வந்திருக்கிறது. ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே ஆலோசகரிடம் போய்ப் பேசலாம்.