குஸ்காவும் கத்திரிக்காய் கட்டாவும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆம்பூர் என்றாலே பிரியாணிதான் பேச்சு. அந்தப் பிரியாணி வேகும் அதே தேக்சாவில், அதாவது அதே பெரிய பாத்திரத்தில் வெந்து, அதே பெஞ்சில் பரிமாறப்பட்டு, பாதி விலைக்குப் பக்கமாகக் கிடைத்த குஸ்காவைப் பற்றி இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன். கறித்துண்டு இல்லாத பிரியாணிச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி கத்திரிக்காய் கட்டா என்கிற புளிக்குழம்பு, கொஞ்சம் தயிர் வெங்காயம். கையில் காசு இருந்தால் அவித்த முட்டை ஒன்று. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் வேலூர், ஆற்காடு, மேல்விஷாரம், குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று எந்த ஊர் பாய் கடையில் உட்கார்ந்தாலும் இந்தத் தட்டு வரும். 1989இல் அந்த மாவட்டம் பிரிந்தது. 2019இல் வேலூர் மாவட்டம் மறுபடி மூன்றாகி, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரோடும், ஆற்காடும் மேல்விஷாரமும் ராணிப்பேட்டையோடும் போய்விட்டன. சாப்பாட்டில் மட்டும் இந்தப் பாலாற்றங்கரை முழுவதும் இன்னும் ஒரே மாவட்டம்.

பிரியாணி ஆற்காட்டு நவாப் சமையற்கட்டிலிருந்து வந்தது என்று ஊரில் சொல்வார்கள். இருக்கட்டும். குஸ்காவை வாழவைத்தவர்கள் தோல் பதனிடும் ஷாப்பில் நின்று வேலை செய்தவர்களும், பீடி சுற்றியவர்களும், குடியாத்தம் பக்கம் லுங்கி நெய்தவர்களும்தான். மதியம் அரை மணி நேரத்தில் வயிறு நிறைய வேண்டும், கூலியில் பாதியைக் கடையில் கொட்டிவிடவும் கூடாது. அவர்கள் முன்னால் கௌரவமாக வைக்கப்பட்ட தட்டு இது.

குஸ்காவை மிச்சச் சோறு என்று சொல்பவர்களிடம் எனக்கு ஒப்புதல் இல்லை. நல்ல கறித்துண்டு இருந்தால் சுமாரான சோறும் உள்ளே இறங்கிவிடும். குஸ்காவில் ஒளிய இடம் கிடையாது. அரிசி குழைந்தாலும், உப்பு குறைந்தாலும், மிளகாய் பச்சையாக நின்றாலும் முதல் கவளத்திலேயே தெரிந்துவிடும். ஒரு கடை மாஸ்டரின் கைப்பக்குவம் பார்க்க வேண்டுமானால் அவர் கடை குஸ்காவைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அது எப்படி உண்டாகிறது என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. 1 கிலோ அரிசிக்கு 1 கிலோ கறி என்பது இந்தப் பக்கத்து அளவு. அரிசி வெந்தால் பெருகும், கறி வெந்தால் சுருங்கும். 1 கிலோ சீரகச் சம்பா தம் முடிந்து இறங்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறையாமல் சோறாக நிற்கும். 1 கிலோ ஆட்டுக்கறி முக்கால் கிலோவுக்குக் கீழே போய்விடும். பிளேட்டுக்கு இத்தனை துண்டு என்று எண்ணி வைத்துக்கொண்டு போனால், கறி தீர்ந்த பிறகும் சோறு இருக்கும். அந்தச் சோற்றில் எலும்பின் சாறும் கொழுப்பும் மிளகாயும் தயிரும் ஏறியிருக்கின்றன. கறியில் இருந்த ருசியில் பெரும்பங்கு ஏற்கெனவே அரிசிக்கு மாறிவிட்டது. ஆகவே குஸ்கா வாங்கியவர் ருசியில் ஏமாறவில்லை, மெல்லுவதற்குத் துண்டு இல்லை, அவ்வளவே. சைவம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் மட்டும் கடையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது கறி வெந்த தேக்சாதான், ஆட்டுக்கறியா மாட்டுக்கறியா என்பதும் கடைக்குக் கடை வேறு.

பழைய கடைகளில் தேக்சா செம்பு. உள்ளே ஈயம் பூசியிருக்கும். பூச்சு தேய்ந்து செம்பு தெரிய ஆரம்பித்தால் தயிரும் தக்காளியும் பட்டுக் களிம்பு ஏறும், அதனால் அவ்வப்போது ஈயம் பூசுகிறவரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். அந்தச் செலவுக்கும் கனத்துக்கும் பயந்துதான் பல கடைகள் அலுமினியத்துக்கு மாறின. செம்பில் சூடு ஓரம் வரை ஒரே மாதிரி பரவும். மெல்லிய அலுமினியத்தில் தீ படும் இடம் கருகி, ஓரத்துச் சோறு விறைத்து நிற்கும். அடுப்பு விறகு அடுப்பு. அரிசி போட்டுக் கலந்ததும் எரிகிற கட்டையை வெளியே இழுத்துவிட்டு, அடியில் தணலைப் பரப்பி, மீதித் தணலை வாரி மூடியின் மேல் போடுவார்கள். கீழும் மேலும் ஒரே அளவு சூடு கிடைக்கும். இதுதான் தம்.

எடுக்கும் விதத்தைச் சொல்லாமல் விடக் கூடாது. கரண்டி போட்டால் சீரகச் சம்பா உடையும். தெரிந்த மாஸ்டர் கையில் ஒரு சாசர் இருக்கும். அதைத் தேக்சாவின் ஓரத்தில் செங்குத்தாக அடி வரை இறக்கி, மெல்லச் சாய்த்து எடுப்பார். மேலே இருந்த வெளுத்த சோறும், நடுவில் இருந்த சிவந்த சோறும், அடியில் எண்ணெய் மினுங்கும் சோறும் ஒன்றாகத் தட்டில் விழும். மேலாக வழித்துப் போட்டு அதற்குக் குஸ்கா என்று பேர் வைப்பது அநியாயம். பார்சல் என்றால் வாழை இலையைச் சூடான மூடி மேல் ஒரு வாட்டு வாட்டி, சோற்றை வைத்து, மேலே செய்தித்தாள் சுற்றி, நூலால் கட்டுவார்கள். வாட்டாத இலை மடிப்பில் கிழிந்து எண்ணெய் ஒழுகும்.

சரி, வீட்டில் செய்ய நினைப்பவர்கள் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கான அளவு சொல்கிறேன்.

சீரகச் சம்பா அரை கிலோ. அறுவடையாகி ஒரு வருடமாவது ஆன பழைய அரிசியாக வாங்குங்கள், புது அரிசி எவ்வளவு கவனமாக வடித்தாலும் ஒட்டும். ஆட்டு நெஞ்செலும்பும் கறி ஒட்டிய எலும்பும் சேர்ந்து 300 கிராம். வெறும் கறி வேண்டாம், நமக்கு வேண்டியது சாறு. நீட்டு மிளகாய் வற்றல் 12. காம்பு கிள்ளி, விதை உதறி, வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து மைய அரைக்க வேண்டும். விதையோடு அரைத்தால் காரம் தொண்டையைப் பிடிக்கும், நிறமும் வராது. இந்தப் பக்கத்துப் பிரியாணியின் சிவப்பு இந்த விழுதிலிருந்து மட்டுமே வருகிறது. மஞ்சள் தூள், மல்லித் தூள், கலர்ப் பொடி எதற்கும் இதில் இடமில்லை.

கனமான பாத்திரத்தில் கடலை எண்ணெய் 125 மில்லி காயவைத்து, விரல் நீளப் பட்டை 2, கிராம்பு 4, ஏலக்காய் 4 போடுங்கள். மசாலா சாமான் அதற்கு மேல் வேண்டாம். பூண்டு விழுது 50 கிராம் போட்டு லேசாகப் பொன்னிறம் வந்த பிறகு இஞ்சி விழுது 40 கிராம். இஞ்சியை முதலில் போட்டால் அடிப்பிடிக்கும். பிறகு நீளமாக நறுக்கிய வெங்காயம் 200 கிராம். அது கண்ணாடி போல ஆனால் போதும். கருஞ்சிவப்பாக வறுத்தால் சோறு இனித்துப்போகும். அடுத்து மிளகாய் விழுது, எண்ணெய் ஓரத்தில் பிரியும் வரை. இந்த இடத்தில் அவசரப்பட்டால் பச்சை வாடை கடைசி வரை போகாது. எலும்பு, 2 தக்காளி, தயிர் 100 மில்லி, ஒரு கைப்பிடி புதினா, ஒரு கைப்பிடி கொத்தமல்லி, ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டு டம்ளர் தண்ணீர். மூடி வைத்து முக்கால் மணி நேரம். குக்கரானால் 4 விசில், தண்ணீர் ஒரு டம்ளர் போதும். முடிவில் மசாலா ஒன்றேகால் டம்ளர் அளவுக்கு நிற்க வேண்டும். இந்த அளவு முக்கியம். அதிகம் இருந்தால் வற்றவிடுங்கள், குறைந்தால் வெந்நீர் விடுங்கள்.

இதற்கிடையில் அரிசியை 20 நிமிடம் ஊறவைத்து, 3 லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போடுங்கள். அந்தத் தண்ணீரில் கல்லுப்பு 2 மேசைக்கரண்டி, அரை எலுமிச்சம்பழச் சாறு. தண்ணீரை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்க வேண்டும். இங்கே ஏறாத உப்பு பிறகு அரிசிக்குள் ஏறாது. சீரகச் சம்பா சீக்கிரம் வேகும், நாலாவது நிமிடத்திலிருந்தே ஒரு பருக்கையை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். இரண்டு மூன்றாக உடைந்து, நடுவில் வெள்ளைப் புள்ளி மாதிரி ஒரு சின்ன விறைப்பு தட்டினால் அந்த நொடியே வடித்துவிட வேண்டும். வடித்ததைக் கொதிக்கிற மசாலாவில் சேர்த்து, அடியிலிருந்து ஒரே ஒரு தடவை புரட்டி, ஈரத்துணி சுற்றிய மூடியால் மூடி, மேலே கனம் வையுங்கள். பாத்திரத்துக்கு அடியில் தோசைக்கல். சின்னத் தீயில் 15 நிமிடம், அடுப்பை அணைத்து இன்னொரு 15 நிமிடம். நடுவில் திறந்து பார்த்தால் ஆவி போய்விடும், மேல் சோறு காய்ந்துவிடும்.

திறந்ததும் சோறு விறைப்பாக இருந்தால் அரை கரண்டி வெந்நீர் தெளித்து மறுபடி 5 நிமிடம் மூடுங்கள். குழைந்திருந்தால் கிளறாதீர்கள். அகலமான தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பினால் ஆவி போய் ஓரளவு உதிரும். எலும்பை எடுத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டுச் சோற்றைப் பரிமாறுங்கள்.

கட்டா இல்லாமல் குஸ்கா நிறைவதில்லை. கொழுப்பேறிய சோற்றுக்குப் புளிப்பு வேண்டும், இரண்டாம் கவளம் திகட்டாமல் இருப்பதே அதனால்தான். வேலூர் முள்ளுக் கத்திரிக்காய்க்கு, இலவம்பாடிக் கத்திரிக்காய் என்று நாம் சொல்வதற்கு, 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. காம்பில் முள் குத்தும், கை பத்திரம். அது கிடைத்தால் அதுவே சிறப்பு, இல்லாவிட்டால் விதை முற்றாத சின்னக் கத்திரிக்காய் அரை கிலோ. காம்போடு நாலாகக் கீறி உப்புத் தண்ணீரில் போட்டுவையுங்கள், கறுக்காது, கமறாது.

வேர்க்கடலை 3 மேசைக்கரண்டியையும் எள் 2 மேசைக்கரண்டியையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். எள் கடலைக்கு முன்பே கருகும், ஒரு பிடி கருகினாலும் மொத்தமும் கசக்கும். இரண்டையும் சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள். 100 மில்லி எண்ணெயில் கத்திரிக்காயைத் தோல் சுருங்கி, காம்பை அழுத்தினால் மெத்தென்று இருக்கும் வரை வதக்கித் தனியே எடுங்கள். அதே எண்ணெயில் கால் தேக்கரண்டி வெந்தயம், கடுகு, கறிவேப்பிலை, ஒரு பெரிய வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது ஒரு மேசைக்கரண்டி, அரைத் தேக்கரண்டி மஞ்சள், 2 தேக்கரண்டி மிளகாய்த் தூள், ஒரு மேசைக்கரண்டி மல்லித் தூள், அரைத்த விழுது. எண்ணெய் கக்கியதும் எலுமிச்சம்பழ அளவு புளியின் கரைசல், உப்பு, சுண்டைக்காய் அளவு வெல்லம். கொதி வந்த பிறகு கத்திரிக்காய். பலர் கத்திரிக்காய் வேகும் முன்பே புளியை ஊற்றிவிடுகிறார்கள். புளிப்பு பட்டால் காய் இறுகிக்கொள்ளும், அதற்குப் பிறகு எவ்வளவு கொதித்தாலும் நடுவில் நறுக்கென்று இருக்கும். மேலே எண்ணெய் மிதந்ததும் இறக்கி, இரண்டு மணி நேரமாவது ஆறவிடுங்கள். கட்டா சூடாகச் சாப்பிடும் பண்டமில்லை.

இன்று பெரிய சாலையோரத்துக் கடைகளில் குஸ்கா என்று கொடுப்பது பெரும்பாலும் வேறு பண்டம். எலும்பு இல்லாமல், எண்ணெயும் மசாலாப் பொடியும் கலரும் போட்டுத் தனிப் பாத்திரத்தில் செய்கிறார்கள். அதில் சாறு இல்லாததால் மேலே சால்னா ஊற்றினால்தான் இறங்குகிறது. சில இடங்களில் பாஸ்மதி. பாஸ்மதி பார்வைக்கு நீளமாக, உதிரி உதிரியாக இருக்கும், ஆனால் கட்டாவைப் பிசைந்தால் பருக்கை வேறு, குழம்பு வேறாக நிற்கும். சீரகச் சம்பா சின்னப் பருக்கை, கட்டாவை ஒவ்வொரு பருக்கையிலும் ஒட்டவைத்துக்கொள்ளும். விலை ஏறியது எனக்குக் குறையாகப் படவில்லை, விறகும் அரிசியும் ஏறினால் அதுவும் ஏறும். அதே தேக்சாவிலிருந்து எடுத்துப் போடுவதை நிறுத்தியதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பிரியாணி சாப்பிடுகிறவருக்கு ஒரு பாத்திரம், குஸ்கா சாப்பிடுகிறவருக்கு இன்னொரு பாத்திரம் என்று அந்தக் கடைகள் முன்பு பிரித்துப் பார்த்ததில்லை.

பழைய மாதிரி செய்கிற கடைகள் உள் தெருக்களில் இன்னும் இருக்கின்றன. விறகு வெளியே அடுக்கியிருக்கும், விலைப் பலகையில் நாலைந்து வரிக்கு மேல் இருக்காது. தேக்சா திறந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் கூட்டம் சேரும், அன்றைக்கு அதற்கு முன்பே போவது நல்லது. உட்கார்ந்ததும், "பாய், குஸ்கா ஒண்ணு, அடியோட சேர்த்துப் போடுங்க, கட்டா கொஞ்சம் தாராளமா" என்று சொல்லுங்கள். அடிச் சோறு கேட்கிறவருக்குச் சாப்பிடத் தெரியும் என்று மாஸ்டருக்குப் புரிந்துவிடும், கேட்காமலே ஒரு எலும்பும் சேர்ந்து வரலாம்.

வணக்கம்.