செல்லாத காசுக்கு ஒரு நாள் வாய்தா

(போன ஞாயித்துக்கிழமை சேலம் செவ்வாய்பேட்டையில பழங்காசு கண்காட்சி தொடக்கத்துல நான் பேசினது. ரெக்கார்டு பண்ண தம்பி அனுப்பினதை நிறுத்தி நிறுத்தி கேட்டு டைப் பண்ணியிருக்கேன். மேடையில பேச்சு வேகத்துல முழுங்கினதையும் சேத்துட்டேன்.)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பின்னாடி கேக்குதுங்களா? சரி. விழாவுக்கு தலைமை ஏத்திருக்கிற அய்யா அவர்களே, அவருக்கு நேத்து தான் பல்லு புடுங்கியிருக்கு, தலைமை உரையை ரெண்டு நிமிசத்துல முடிச்சதுக்கு காரணம் அதான், தப்பா நினைக்காதீங்க. ரெண்டு காதுகுத்து ஒரு கிரகப்பிரவேசம் நடுவுல இங்கயும் வந்து குத்துவிளக்கு ஏத்தின கவுன்சிலர் அக்கா அவர்களே, நாப்பது பசங்களை லைன் கட்டி கூட்டிட்டு வந்திருக்கிற தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, மண்டபத்துக்கு வாடகை வேண்டாம் கரண்ட் பில்லு மட்டும் குடுங்கன்னு சொன்ன ஓனர் அவர்களே, வெள்ளிப் பட்டறைக்காரங்க சார்பா வந்து முன் வரிசையில உக்காந்திருக்கிற அண்ணன் அவர்களே, உங்ககிட்ட தான் இன்னைக்கு எனக்கு முக்கியமான பேச்சு இருக்கு, எந்திரிச்சு போயிடாதீங்க. அப்புறம் என்கூட பதினாலு வருசம் வண்டி ஓட்டின டிரைவர் அண்ணன், அதோ தூணுக்கு பின்னாடி ஒளிஞ்சிருக்காரு, வாங்கண்ணே முன்னாடி.

ஏழு பொன்னாடை போத்தினீங்க எனக்கு. சித்திரை வெயில்ல. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு எங்க அப்பாரு சொல்வாரு, இதை ரெண்டோட நிறுத்தியிருந்தா மிச்ச காசுக்கு பசங்களுக்கு பூதக்கண்ணாடி வாங்கியிருக்கலாம். சும்மா சொல்றேன், சந்தோசம் தான்.

பேசச் சொன்ன தலைப்பு 'நான் ஏன் காசு சேர்க்கிறேன்'. மூணு காரணம் சொல்லலாம்னு எழுதிட்டு வந்தேன். மூணாவது காரணம் என் வீட்டுக்காரம்மா சம்பந்தப்பட்டது, அவங்களும் வந்திருக்காங்க, அதனால கடைசியில சொல்றேன்.

அதுக்கு முன்னாடி இந்த காசை கை மாத்தி மாத்தி பாத்துட்டு வாங்க. முதல் வரிசையிலேருந்து ஆரம்பிக்கட்டும். வெள்ளி ரூவா. ஓரத்தை புடிச்சு பாக்கணும், மூஞ்சியில விரல் படக்கூடாது. ஒரு சுத்து சுத்தி என்கிட்டயே வந்து சேரணும், சொல்லிட்டேன்.

முதல் காரணம் கை. 1982லேருந்து முப்பத்தி ஒரு வருசம் கண்டக்டர் வேலை, அதுல பாதி சேலம் - ஏற்காடு லைன். மலை ஏறும்போது ராத்திரி டிரைவர் உள்ள லைட்டை அணைச்சுடுவாரு, கண்ணாடியில அடிக்கும்னு. இருட்டுல தோல் பையில கைய விட்டா எனக்கு எது எதுன்னு விரல்லயே தெரியும். அஞ்சு பைசா சதுரம், மூணு பைசா ஆறு மூலை, பத்து பைசா பூ மாதிரி ஓரம் வளைஞ்சு வளைஞ்சு, இருவது பைசா ஆறு மூலை ஆனா பெருசு. எல்லாம் அலுமினியம், ஊதினா பறக்கும். 1988ல எவர்சில்வர்ல பத்து, இருவத்தஞ்சு, அம்பதுன்னு எல்லாத்தையும் ரவுண்டா அடிச்சு விட்டாங்க, அன்னைக்கு தான் என் விரலுக்கு கண்ணு போச்சு. கால் ரூவான்னு நினைச்சு அம்பது பைசாவா எத்தனை பேருக்கு குடுத்திருப்பேன்! அப்ப தான் அந்த பழைய பத்து பைசாவை ஒண்ணு ரெண்டு எடுத்து வச்சுக்க ஆரம்பிச்சேன், செத்துப்போறவங்களை போட்டோ புடிச்சு வச்சுக்கற மாதிரி. 2011 ஜூன் 30ஓட நாலணாவும் அதுக்கு கீழ எல்லாமும் செல்லாதுன்னு அறிவிச்சாங்க. அன்னைக்கு டிப்போவுல யாரும் ஒரு வார்த்தை பேசல. நான் மட்டும் பையில கடைசியா இருந்த ஒரு நாலணாவை என் கைக்காசை போட்டு எடுத்துக்கிட்டேன்.

ரெண்டாவது காரணம் வருசம். எல்லாரும் பாக்கெட்டுல இருந்து ஒரு காசு எடுங்க, பசங்களும் எடுங்க. வருசத்துக்கு கீழ என்ன இருக்குன்னு பாருங்க. டைமண்டு இருந்தா பம்பாய்ல அடிச்சது, நட்சத்திரம் இருந்தா ஐதராபாத், புள்ளி இருந்தா நொய்டா, ஒண்ணுமே இல்லைன்னா கல்கத்தா. கவுன்சிலர் அக்காவுக்கு நட்சத்திரம் வந்திருக்காம், கை தட்டுங்க. ஆனா இதுல எங்கயும் சேலம்னு போடலையேன்னு வருத்தப்படாதீங்க, நம்ம இரும்பாலையில 1993லேருந்து காசுக்கான வில்லை வெட்டற மெசினு இருக்கு, முத்திரை இல்லாத மொட்டை வட்டத்தை இங்க வெட்டி நாணயச்சாலைக்கு அனுப்புவாங்க. உங்க பாக்கெட்டுல இருக்கிற எவர்சில்வர் காசு ஒண்ணு சேலத்துல பொறந்து வடக்க போயி மூஞ்சி வாங்கிட்டு சுத்தி சுத்தி மறுபடி சேலத்துக்கே வந்ததா கூட இருக்கலாம். இதை நினைச்சா எனக்கு இன்னும் புல்லரிக்கும், வீட்டுல சொன்னா தோசை ஆறிப்போகுதும்பாங்க.

சரி, இப்ப அந்த வெள்ளி ரூவா கதை. எங்க இருக்கு காசு? ரெண்டாவது வரிசை. சரி.

1991, ஐப்பசி மாசம், அடை மழை. கடைசி வண்டி. அடிவாரத்துல ஒரு ஆயா ஏறுச்சு, மலைக்கார ஆயா, தலையில மழைக்கு போத்தற கொங்காடை, கையில ஒரு சாக்கு நிறைய என்னமோ, லக்கேஜ் டிக்கெட் போடணும்னேன். எல்லாம் எண்ணி பாத்தா ஒரு ரூவா குறையுது. எறங்குன்னு சொல்ல முடியுமா அந்த மழையில? ஆயா இடுப்புல சுருக்குப் பைய அவுத்து ஒரு காசை எடுத்து, "கண்ணு, இது ராசா காசு, செல்லுமா பாரு"ன்னுச்சு. லைட்டு இல்ல. கையில வாங்கினேன், விரல் சொல்லுச்சு இது நம்ம பையில என்னைக்கும் வந்ததில்லைன்னு. கனம்னா கனம். பழைய வெள்ளி ரூவா சரியா ஒரு தோலா எடை, 11.66 கிராம். "செல்லும் ஆயா"ன்னு சொல்லிட்டு என் சொந்த ஒரு ரூவாயை பையில போட்டுட்டு இதை சட்டைப் பாக்கெட்டுல வச்சேன்.

இங்க தான் சனி புடிச்சுது. பதிமூணாவது கொண்டை ஊசி வளைவுல டார்ச் அடிச்சு வண்டிய நிறுத்தறாங்க. செக்கிங்! அந்த மழையில, அந்த நேரத்துல! கண்டக்டர் வேலை தெரிஞ்சவங்களுக்கு தெரியும், வண்டி ஏறும்போதே சொந்த பணம் எவ்வளவுன்னு வேபில்ல, அதான் டிக்கெட் கணக்கு எழுதற தாள்ல, எழுதிடணும், அதுக்கு மேல ஒரு பைசா பாக்கெட்டுல இருந்தா திருட்டு. எல்லார் டிக்கெட்டும் பாத்தாரு, பைய எண்ணினாரு, சரியா இருந்துச்சு. கடைசியில பாக்கெட்டை காட்டுன்னாரு. காசு வெளிய வந்துச்சு. "இது என்னய்யா?" நான் நடந்ததை சொல்றேன், நம்பல, மெமோ எழுத பேனாவை எடுத்துட்டாரு. ஆயா எந்திரிச்சு "என் காசு சாமி அது, நான் தான் குடுத்தேன், புள்ளைய ஒண்ணும் பண்ணாத"ங்குது. டிரைவர் அண்ணன் எறங்கி வந்து பீடி பத்த வச்சுட்டு வேடிக்கை பாக்கறாரு, ஒரு வார்த்தை எனக்காக பேசல, ஆமாவா இல்லையாண்ணே? சிரிக்கறாரு பாருங்க.

இன்ஸ்பெக்டர் காசை டார்ச்ல காட்டி பாத்தவரு அப்படியே நின்னுட்டாரு. பேனாவை பாக்கெட்டுல வச்சாரு. கண்ணாடிய கழட்டி காசை கண்ணு கிட்ட கொண்டு போறாரு, தூர கொண்டு போறாரு. உள்ள இருந்து ஜனங்க கத்தறாங்க, குழந்தை அழுவுது, அவரு காதுல ஏறல. "கண்டக்டர், இங்க வா. ராசா மார்புல பாரு, என்ன தெரியுது?" பாத்தேன். அஞ்சாம் ஜார்ஜ் ராசா, 1911. மேலங்கியில சங்கிலியும் பூவுமா இருக்கு, நடுவுல குட்டியா ஒரு மிருகம். "பன்னி மாதிரி இருக்கு சார்"னேன். "பன்னியே தான்யா! யானைய போட்டான், தும்பிக்கை குட்டையா போச்சு, பன்னி ரூவான்னு பேராகி ஊரே வாங்க மாட்டேன்னு சொல்லி, அடுத்த வருசமே தும்பிக்கைய நீட்டி அடிச்சான்"னு அந்த மழையில நின்னு எனக்கு பாடம் எடுக்கறாரு. மனுசன் முப்பது வருசமா காசு சேக்கறவராம். மெமோ போச்சு. "இதுக்கு அம்பது ரூவா தரேன் குடுத்துடு"ன்னாரு. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு அப்பாரு சொன்னது அப்ப தான் ஞாபகம் வந்துச்சு. மாட்டேன்னுட்டேன். அடுத்த வளைவு வரைக்கும் என் சீட்டுல உக்காந்து வந்தாரு, எறங்கும்போது கூட என் பாக்கெட்டை தான் பாத்தாரு.

மனசு கேக்கல. ஞாயித்துக்கிழமை ஏற்காடு சந்தையில ஆயாவை தேடிப் புடிச்சு காசை திருப்பிக் குடுத்தேன். அது மூஞ்சி சுருங்கிப் போச்சு. "செல்லலையா கண்ணு?" செல்லாததால திருப்பறேன்னு நினைச்சுகிச்சு! எவ்வளவு சொல்லியும் வாங்கல, பஸ்ஸுக்கு குடுத்தது குடுத்தது தான்னு சொல்லி மேற்கொண்டு நாலு கொய்யாப்பழத்தை என் பையில போட்டுச்சு. அப்ப தான் சொல்லுச்சு, இதே மாதிரி ஒரு சொம்பு நிறைய வீட்டுல கெடக்குதுன்னு. அதுக்கு மாமியா குடுத்தது, மாமியாவுக்கு காப்பித் தோட்டத்துல கூலியா வந்தது. அடுத்த வாரம் லீவு போட்டு வந்து பாக்கறேன் ஆயான்னேன். லீவு கெடைக்கல. பொங்கல் கழிச்சு போனேன். பேத்திக்கு சடங்கு வந்துச்சு, சொம்பை டவுனுக்கு எடுத்துட்டு போயி போட்டாச்சுன்னுச்சு. எந்த கடைன்னு ஆயாவுக்கு தெரியல, நானும் தேடல. எடை போட்டு, அழுக்கு கழிச்சு, காசு குடுத்திருக்காங்க. கணக்குல ஒரு தப்பும் இல்ல. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னா அளந்து தான் போட்டிருக்காங்க, ஆனா போட்டது மூசையில, வெள்ளி உருக்கற கிண்ணத்துல. அதுல எத்தனை விக்டோரியா ராணி, எத்தனை எட்வர்டு, இன்னொரு பன்னி ரூவா இருந்துச்சோ என்னமோ, எல்லாம் ஒரே கட்டியாயி கம்பியாயி எவளோ ஒரு மகராசி கால்ல கொலுசா ஜல் ஜல்னு நடந்துட்டு இருக்கு.

பட்டறை அண்ணன் தப்பா நினைக்கக்கூடாது. சிவதாபுரம், பனங்காடுன்னு பட்டறை இல்லைன்னா சேலமே இல்ல, கொலுசுன்னா சேலம் தான். எனக்கு உருக்கறதுல கோவம் இல்ல. வெள்ளி விக்கிற விலைக்கு ஏழை ஜனம் பானையில இருக்கிறதை கொண்டு வந்து தான் போடும். நான் கேக்கறது ஒரு நாள் வாய்தா. கோர்ட்டுல கொலைகாரனுக்கே வாய்தா குடுக்கறாங்க, ராசாவுக்கு ஒரு நாள் குடுக்க மாட்டீங்களா? கடையில ஒரு டப்பா வைங்க. காசா வர்றதை உருக்கறதுக்கு முன்னாடி அதுல ஒரு ராத்திரி கெடக்கட்டும். சாயங்காலம் நம்ம பசங்க ரெண்டு பேர் வந்து வருசம் பாத்து, ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து நோட்டுல ஏத்திக்குவாங்க. அபூர்வமா இருந்தா அன்னைக்கு எடை விலைக்கு மேல பத்து ரூவா சேத்து நாங்களே எடுத்துக்கறோம். உங்களுக்கு ஒரு பைசா நட்டம் இல்ல.

இது வெறும் வெள்ளைக்காரன் காசு விசயம் இல்லைங்க. நம்ம கோனேரிப்பட்டியில 1987ல ரோமானிய வெள்ளிக்காசு கெடைச்சுது. ரோமுக்கும் நமக்கும் வியாபாரம் இருந்துச்சுன்னு புத்தகத்துல படிக்கறோம், அதுக்கு சாட்சி நம்ம ஊர் மண்ணுல கெடக்குது. கொல்லிப்பொறைன்னு தமிழ் எழுத்து பொறிச்ச சேரர் காசு கரூர்ல கெடைச்சிருக்கு, பேருலயே நம்ம பக்கத்து கொல்லி மலை. இதெல்லாம் யாரோ ஒருத்தன் உருக்காம வச்சதால தானே தெரியுது? மண்ணுல கெடைச்சா 1878லயே சட்டம் இருக்கு, பத்து ரூவாக்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்கு சொல்லணும். மூசைக்கு போறதுக்கு தான் கேக்க ஆளில்ல.

பசங்களுக்கு ரெண்டு விசயம். போன்ல வரும், தாமரை போட்ட இருவது பைசா இருந்தா லட்சம், வைஷ்ணோ தேவி படம் போட்ட காசு இருந்தா பத்து லட்சம், முதல்ல கமிசன் கட்டுன்னு. ரிசர்வ் பேங்க் 2021லயே எச்சரிக்கை குடுத்துடுச்சு, நம்பாதீங்க. அந்த இருவது பைசாவுல தங்கம் கலந்திருக்குன்னு அந்த காலத்துலயே ஒரு புரளி, பூஜைக்கு நூத்தியெட்டு சேத்து வச்ச வீடுக எத்தனையோ. அது வெறும் பித்தளை வகை. ரெண்டாவது, காசை கழுவாதீங்க. ஓட்டைக் காலணா ஆறு வச்சிருந்தேன், யுத்த காலத்துல செம்பு பத்தலைன்னு நடுவுல ஓட்டை போட்டு அடிச்சது, போகிக்கு வீட்டை சுத்தம் பண்றோம்னு புளி போட்டு பளபளன்னு தேச்சு வச்சுட்டாங்க ஒருத்தங்க. யாருன்னு சொல்ல மாட்டேன். சேகரிக்கிறவனுக்கு அந்த பழுப்பு தான் உயிரு.

நேரம் ஆச்சுன்னு தலைவர் அய்யா கைக்கடிகாரத்தை தட்டறாரு. மூணாவது காரணத்தை... வேணாம், அங்க இருந்து முறைக்கறாங்க. காசு எங்க இருக்கு? பசங்க பாத்தாச்சா? டீச்சரம்மா? யார்கிட்ட குடுத்தீங்க?

முன் வரிசையிலயா. அண்ணன்கிட்டயா.

பாருங்க, அண்ணன் உள்ளங்கையில வச்சு மேலயும் கீழயும் ஆட்டி எடை பாக்கறாரு. என்னங்கண்ணே? தேஞ்சிருக்கு, பதினொன்னு தான் நிக்கும்ங்கறீங்களா? சரிங்கண்ணே. குடுத்துடுங்கண்ணே.