தின்பது போன் இல்லை, கடைதான்!

நடுவர் ஐயாவுக்கும், எதிரில் பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தவர்களுக்கும், கிடைக்காமல் கடைப்படியில் உட்கார்ந்துவிட்ட நம்ம தெரு ஜனங்களுக்கும் வணக்கம். "சிறுகடைக்காரர் வீட்டு நேரத்தை அதிகம் தின்பது செல்போனா, கடையா?" இதுதான் இன்றைய தலைப்பு. செல்போன்தான் என்று எதிரணியில் மூன்று பேர் பேசி, கைதட்டலும் நிறைய வாங்கிவிட்டார்கள். வாங்கட்டும். மேடையில் ஏறிப் போனைத் திட்டினால் எந்த ஊரிலும் கைதட்டல் வரும். தட்டின கைகளில் பாதிக்கு மேல் போன் இருந்தது என்பதை மட்டும் நடுவர் கவனத்துக்குக் கொண்டுவந்துவிட்டு என் பேச்சுக்குப் போகிறேன்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருக்கிறேன். அப்பா தண்டையார்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருந்தார், இப்போது அதைத் தம்பி பார்க்கிறான். போன் இல்லாத கடை, போன் வந்த கடை, ரெண்டுக்கும் உள்ளே இருந்தவள் நான்.

எதிரணித் தலைவர், நம்ம பாத்திரக்கடை அண்ணன், என்ன சொன்னார்? "அந்தக் காலத்தில் ஷட்டரை இறக்கினால் கடை முடிந்தது, மனுஷன் வீட்டுக்கு வந்தான், பெண்டாட்டி பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டான். இப்போது கடை சட்டைப் பையிலேயே இருக்கிறது, ஷட்டர் எங்கே இறக்குவது?" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. எந்தக் காலம் அண்ணே அது? எந்தத் தெருவில் நடந்தது?

எங்கள் வீடு கடைக்குப் பின்னால்தான். நடுவில் கதவுகூட இல்லை, அம்மாவின் பழைய புடவை ஒன்று திரையாகத் தொங்கும். அப்பா தட்டில் கை வைத்ததும் வெளியே "அண்ணாச்சி" என்று ஒரு குரல் வரும். வலது கையில் சோறு ஒட்டியிருக்க, இடது கையால் புளியை எடுத்துத் தராசில் வைப்பார். பொட்டலம் மடிக்க ரெண்டு கை வேண்டுமே, அதனால் அம்மாவைக் கூப்பிடுவார். அம்மா தன் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்து பேப்பரைச் சுருட்டி, நூலை நாலு சுற்றுச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்துக் கொடுப்பாள். இத்தனையும் எட்டணா புளிக்கு. தீபாவளி அன்று காலையில் அப்பா எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், பாதி இறக்கின ஷட்டரைத் தட்டி, "நல்லெண்ணெய் வாங்க மறந்துட்டேன் அண்ணாச்சி, ஒரு நூறு குடு" என்பார்கள். தலையில் எண்ணெய் வழிய வழிய அடுத்த வீட்டுத் தலைக்கு எண்ணெய் அளந்து கொடுத்தவர் எங்கப்பா. அப்போது எந்த வாட்ஸ்அப் வந்து அவரைக் கூப்பிட்டது?

கடையில் காய்கறியும் போட்டிருந்தோம். 1996 வரைக்கும் கொத்தவால் சாவடி, ஒரு மிதி மிதித்தால் போய்விடலாம். அப்புறம் மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனது, நாங்கள் எழுந்திருப்பதற்கு முன்பே அப்பாவும் போய்விடுவார். ஸ்கூல் கையெழுத்து வாங்குவதென்றால்கூட கல்லாவில்தான், அதுவும் கடன் நோட்டுக்கு மேலே என் ரேங்க் கார்டை வைத்து.

இன்றைக்குத் தம்பி என்ன செய்கிறான்? சரக்கு லிஸ்டைப் படம் எடுத்து கோவிந்தப்ப நாயக்கன் தெரு மொத்தக் கடைக்கு அனுப்புகிறான், காலையில் மீன்பாடி வண்டியில் மூட்டை வந்து இறங்குகிறது. போக வர ஆகிற நேரம் முழுக்க மிச்சம். மிச்சமான நேரம் வீட்டுக்குப் போனதா என்று கேட்டுப் பாருங்கள். போகவில்லை! "அதான் காலையில சும்மாதானே இருக்கேன், பால் பாக்கெட் போடலாமே" என்று விடியும் முன்னாலேயே கடையைத் திறந்துவிட்டான். இங்கேதான் நடுவர் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். போன் நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்தது, கடை அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டது. யார் திருடன்?

கடை ஏன் இப்படித் தின்கிறது என்பதை எதிரணியில் ஒருவரும் தொடவில்லை. வடசென்னையில் கடை வைத்துக்கொண்டு தண்டல் என்ற வார்த்தையைச் சொல்லாமலே மூன்று பேர் பேசி முடித்ததுதான் எனக்கு ஆச்சரியம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 10,000 ரூபாய் தண்டல் என்றால் கையில் வருவது 9,000 அல்லது அதற்கும் குறைவு, மிச்சத்தை முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். சாயங்காலமானால் டிவிஎஸ் வண்டியில் ஆள் வந்து நிற்பார். அவருக்கு ஞாயிறு கிடையாது, வளைகாப்பு கிடையாது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் 100 ரூபாய் 100 ரூபாய்தான். அப்புறம் வாடகை, கரண்ட் பில், மொத்தக் கடைப் பாக்கி. ஒரு நாள் மூடினால் அந்த 100 ரூபாயை மறுநாள் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டும். இதை நினைத்துத்தான் கடைக்காரன் ராத்திரி 10 மணிக்கும் "இன்னும் ஒரு கிராக்கி வரட்டும்" என்று உட்கார்ந்திருக்கிறான். போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நீங்கள் சொல்கிறீர்கள். உண்மைதான், நோண்டுகிறான். ஆனால் போனுக்காக உட்கார்ந்தவன் இல்லை, உட்கார்ந்ததால் நோண்டுகிறவன்.

இதில் போன் ஒரு நல்லதும் செய்திருக்கிறது. 2016 ஏப்ரலில் யுபிஐ வந்தது. அதே வருஷம் நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டெல்லாம் செல்லாது என்றார்களே, அதற்கப்புறம்தான் நம்ம ஆட்கள் அந்தக் கட்டம் போட்ட அட்டையை மெல்ல மெல்ல மாட்ட ஆரம்பித்தார்கள். 2020இல் தெருவோர வியாபாரிகளுக்காக மத்திய அரசு ஸ்வநிதி கடன் கொண்டுவந்தது, அப்போது முதல் தவணை 10,000 ரூபாய் வரை, மாதா மாதம் ஒரு வருஷத்தில் கட்டினால் போதும், போன் வழியாகக் காசு வாங்கினால் கேஷ்பேக் வேறு. அது கிடைத்து தண்டலை முடித்துவிட்டால் அந்த வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைக்கும். எல்லோருக்கும் கிடைத்ததா என்றால் அது வேறு பட்டிமன்றம்.

இப்போது என் கடைக்கு வாருங்கள். "ராத்திரி 11 மணிக்கு வாய்ஸ் நோட் வருகிறது, சோறு இறங்கவில்லை" என்று ரெண்டாவதாகப் பேசின தம்பி வருத்தப்பட்டார். எனக்கும்தான் வருகிறது, "அக்கா ஜாக்கெட் ரெடியா" என்று. முன்பு என்ன நடக்கும்? முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி கல்யாணப் பெண்ணின் அம்மா, அத்தை, நாத்தனார் மூன்று பேரும் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுவார்கள், தைத்து முடிக்கும் வரை கட்டிலில் உட்கார்ந்துகொள்வார்கள், அவர்களுக்கு டீயும் நான்தான் போட வேண்டும். வாய்ஸ் நோட்டை ம்யூட்டில் போடலாம். கட்டிலில் உட்கார்ந்திருக்கிற நாத்தனாரை என்ன செய்வது?

இன்னொன்று, தையல்காரி வீட்டில் ராத்திரி வேலை எதனால் வருகிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பிரிக்கிற வேலையால். அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, "பின் கழுத்து இவ்ளோ இறக்கம்" என்று தன் முதுகில் தானே விரல் வைத்துக் காட்டிவிட்டுப் போவார்கள். நானும் குத்துமதிப்பாக வெட்டித் தைத்து வைத்தால், "நான் சொன்னது பாட் நெக், நீ வெச்சிருக்கிறது யூ" என்று சண்டை. லைனிங் வைத்துத் தைத்ததைப் பிரிப்பது லேசான வேலை இல்லை. பைப்பிங்கைப் பிரித்து, லைனிங்கைத் தனியாக எடுத்து, பட்டில் ஊசித் துளை தெரியாமல் மறுபடி வைத்துத் தைக்க வேண்டும், பிளேடு ஒரு நூல் தவறினால் துணி போச்சு. பகலில் மிஷின் புதுத் துணிக்கு ஓடும், பிரிக்கிறதெல்லாம் ராத்திரி வீட்டில்தான், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற நேரத்தில். இப்போது துணியில் சாக்பீஸால் கழுத்து வரைந்து, டேப்பைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறேன். "அரை இஞ்ச் ஏத்துங்கக்கா" என்று பதில் வந்த பிறகுதான் கத்தரி எடுக்கிறேன். பிரிப்பது அநேகமாக நின்றேபோனது.

அண்ணன் ஷட்டர் இல்லை என்றாரே, 2018இலேயே கடைக்காரர்களுக்கென்று தனி வாட்ஸ்அப் வந்துவிட்டது. கடை நேரத்தைப் போட்டு வைத்தால் போதும், அந்த நேரம் தாண்டி வருகிற செய்திக்கு "கடை மூடியிருக்கிறது, காலை 10 மணிக்குப் பதில் சொல்கிறேன்" என்று அதுவே சொல்லிவிடும். நீல டிக் விழாமலும் வைத்துக்கொள்ளலாம். எங்கப்பாவின் புடவைத் திரைக்கு இந்த வசதி இருந்ததா? அந்த ஷட்டரை நாம் இறக்காமல் இருப்பதற்குக் காரணம் பயம், கிராக்கி பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரோ என்ற பயம். அந்தப் பயத்தை நமக்குக் கொடுத்தது கடை.

காசிமேட்டுப் பக்கம் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது, மீன் இனப்பெருக்கத் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017இல் 61 ஆக்கினார்கள். அதாவது ஐயா, மீன் குடும்பம் நடத்துவதற்கு அரசாங்கம் 61 நாள் ஒதுக்கியிருக்கிறது! நம்ம மளிகைக்கடை அண்ணாச்சிக்கு ஒரு நாள் ஒதுக்க ஆள் இல்லை. தடைக்காலத்தில் படகுக்காரர் வீட்டில் காசு கஷ்டம் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை, நிவாரணத் தொகை எந்த மூலைக்கு? ஆனாலும் அந்த நாட்களில் வலை பின்னிக்கொண்டு பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருப்பவர்கள் கையிலும் இதே போன்தானே இருக்கிறது? நேரம் தின்கிறது போன் என்றால் அங்கேயும் தின்ன வேண்டுமே.

கடைகளுக்கும் சட்டம் இருக்கிறது, 1947ஆம் வருஷத்துச் சட்டம், வேலை செய்கிறவருக்கு வாரம் ஒரு நாள் முழு லீவு கொடுக்கச் சொல்கிறது. ரங்கநாதன் தெருவிலும் எம்.சி. ரோட்டிலும் துணிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே கால் வீங்கிப் போகிறார்கள், அவர்கள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021இல் திருத்தமும் வந்தது, நல்ல திருத்தம். ஆனால் சம்பளம் இல்லாமல் கல்லாவில் உட்காருகிற பெண்டாட்டிக்கு லீவு யார் கொடுப்பது?

எங்கம்மா அப்படி உட்கார்ந்தவள்தான். சொந்தக்காரர் கல்யாணம் என்றால் அப்பா போவார், அம்மா கடையைப் பார்ப்பாள். அப்பா போகவில்லை என்றால் மொய்க் கவர் மட்டும் போகும். கூடப் பிறந்த அக்கா திருவொற்றியூரில்தான் இருந்தாள், டவுன் பஸ்ஸில் போய்விட்டு வருகிற தூரம், வடிவுடையம்மன் கோயிலுக்கு ஆடி வெள்ளி போகிறபோது பார்த்தால் உண்டு. இன்று அதே அம்மா துவரம்பருப்பு அளந்துகொண்டே, போனை உப்பு டப்பா மேல் சாய்த்து வைத்து, பேத்தி வளைகாப்பை வீடியோ காலில் பார்க்கிறாள். வளையல் அடுக்குகிறபோது, "இடது கைக்கு ஒண்ணு கம்மியா இருக்குடி" என்று இங்கிருந்து கத்துகிறாள், அங்கே சரிபார்க்கிறார்கள். நேரில் போனது மாதிரி ஆகுமா? ஆகாது. போக விடாதது யார் என்பதுதானே இங்கே கேள்வி?

2023 டிசம்பர் புயலில் நம்ம பக்கம் தண்ணீர் நின்றதை யாருக்கும் நினைவுபடுத்த வேண்டாம். எங்கள் தையல்காரிகள் குரூப்பில் யார் வீட்டில் பால் பவுடர் இருக்கிறது, யார் மிஷின் மோட்டாரில் தண்ணீர் ஏறிவிட்டது என்று சார்ஜ் தீரும் வரை பேசிக்கொண்டோம். கடையிலேயே அடைந்து கிடக்கிற பெண்களுக்குச் சிநேகிதி என்று ஒருத்தி கிடைத்ததே இந்தப் போனில்தான்.

ரீல்ஸ் பற்றி மூன்றாவதாகப் பேசின டீச்சரம்மா சொன்னதை நான் மறுக்க மாட்டேன். கட்டைவிரல் தேய்கிறது. எனக்கும் ஆரி வொர்க் வீடியோ ஒன்றைத் திறந்தால் அது எங்கேயோ மாமியார் மருமகள் சண்டையில் போய்தான் நிற்கும். ஆனால் அது கடை வைத்திருக்கிறவருக்கு மட்டும் வந்த வியாதியா? டீச்சர் வீட்டில் கடை இல்லை, ரீல்ஸ் இருக்கிறது என்று அவரே சொன்னார். அப்படியானால் அதை இன்றைய கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

ஐயா மணியைத் தொட்டுவிட்டார், ஒரே நிமிஷம். பாத்திரக்கடை அண்ணன், "வீட்டுக்காரியோடு மனசு விட்டுப் பேச முடியவில்லை, காரணம் இந்தச் சனியன் பிடித்த போன்" என்று உருகினார். நானும் முன்வரிசையில் அண்ணியைத் தேடினேன். காணோம். வருகிற வழியில் பார்த்தேன், ஆடித் தள்ளுபடிக் கூட்டம், அண்ணி கல்லாவில் நிற்கிறார், உட்காரக்கூட இல்லை. "அவர் எப்படிப் பேசுறார்னு வீடியோ எடுத்து அனுப்புடி, இங்கேருந்தாவது பார்க்கிறேன்" என்றார். அனுப்பினேன். ரெண்டு டிக் விழுந்துவிட்டது. அண்ணே, முக்கால் மணி நேரமாகிறது, அண்ணி இன்னும் திறக்கவில்லை.

நன்றி, வணக்கம்.